பனியைத் துடைப்பவர்

வாசலூர்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது வெயில் நன்றாகவே அடித்துக்கொண்டிருந்தது. கார்த்திகை மாதத்தில் மலையில் அப்படி ஒரு மதியம் வாய்ப்பது அபூர்வம். படகுத்துறைக்கு வந்தவர்கள் ரோட்டோரம் நின்று அன்னாசித் துண்டுகளை மிளகாய்த்தூளில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் அப்பாசாமி சாவியோடு காத்திருந்தார்.

"ஏனுங் அம்மணி, நல்லா இருக்கறீங்களா? ஊட்டுல ஒரு சாமானத்தக்கூட நான் தொடலீங்க. எலி தொட்டிருந்தா அதுக்கு நான் பொறுப்பில்ல."

"காலி பண்ணிட்டு சாயங்கால பஸ்ஸுக்கே எறங்கிடறேங்க."

"மெதுவாப் பண்ணுங்க. திங்கக்கெழமைதான் புது வாத்தியார் வாராரு."

புது வாத்தியார். பழைய வாத்தியார் என் கணவர் முரளி. தை மாதம் அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து பைக்கில் ஏறி வரும்போது, ஒரு கொண்டை ஊசி வளைவில், பனிக்குள் எதிரே வந்த லாரியை அவர் பார்க்கவில்லை. அதன் பிறகு நான் ராசிபுரத்தில் அம்மா வீட்டில் இருந்தேன். இந்த வீட்டுக்குள் அன்றுதான் திரும்பக் கால் வைத்தேன்.

கதவைத் திறந்ததும் பூட்டிக் கிடந்த வீட்டின் ஈர வாடை. அதற்குக் கீழே வேறொரு வாசனையும் இருந்தது. களிமண்ணும் கிராம்பும். அவர் வேலை செய்யும்போது வாயில் ஒரு கிராம்பை அடக்கிக்கொள்வார். பத்து மாதம் ஒரு வாசனை நிற்குமா என்று நான் அப்போது யோசிக்கவில்லை. நிற்கும் என்று நம்பவே விரும்பினேன்.

கூடத்து மேசை அவர் விட்டுப்போனபடியே இருந்தது.

அந்த மேசையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. நாங்கள் நான்கு பேர் சனிக்கிழமை மதியங்களில் அதைச் சுற்றி உட்கார்ந்து ஒரு கதை விளையாட்டு விளையாடுவோம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரம். எதிரே ஆறு வந்தால், கதவு வந்தால், மிருகம் வந்தால், என்ன செய்கிறோம் என்று நாம்தான் வாயால் சொல்ல வேண்டும். சொன்னது பலிக்குமா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை முடிவு செய்யும். இருபது விழுந்தால் அமோகம். ஒன்று விழுந்தால் நாசம்.

கதையை நடத்தியவர் முரளி. நான் ஓடக்காரி. கால்நடை மருத்துவர் சதீஷ்குமார் வில்லாளி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுக்கும் மோனிஷா வைத்தியச்சி. பூமிக்கடியில் புதைந்துபோன ஓர் அரண்மனைக்குள் நாங்கள் மூவரும் அறை அறையாக இறங்கிப் போய்க்கொண்டிருந்தோம்.

முரளிக்கு எல்லாமே கையால் தொடுகிற பொருளாக இருக்க வேண்டும். எங்கள் மூவரின் பொம்மைகளையும் களிமண்ணில் அவரே செய்தார். அரண்மனையின் வரைபடத்தைக் காடாத்துணியில் மசியால் வரைந்தார். நாங்கள் இன்னும் நுழையாத இடங்களைக் கறுப்புத்தாள் துண்டுகளால் மூடி வைப்பார். நாங்கள் முன்னேற முன்னேற ஒவ்வொரு துண்டாக எடுப்பார். அந்தத் தாள்களைப் 'பனி' என்று சொல்வோம். அவர் பகடை உருட்டுவது எங்களுக்குத் தெரியாமல் இருக்க ஒரு மறைப்பு அட்டை உண்டு. என் முகூர்த்தப் புடவை வந்த அட்டைப்பெட்டியை வெட்டிச் செய்தது. அதற்குப் பின்னால் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது.

சதீஷுக்கு இதெல்லாம் பொறுக்காது. டேப்லெட் ஒன்றை வாங்கி அதில் ஒரு செயலியை ஏற்றிக்கொண்டு வந்தான். அதிலும் வரைபடம் உண்டு, பொம்மை உண்டு, பகடை உண்டு. பனிகூட உண்டு. நடத்துபவர் விரலால் தேய்த்தால் திரையில் பனி விலகி வழி தெரியும்.

"வாத்தியாரே, உங்க டைஸ் மாசத்துக்கு மூணு தடவ பீரோவுக்கு அடியில போயிருது. இதுல அந்த ரோதனையே இல்ல," என்பான்.

"டைஸ் கீழ போனா தொடப்பத்த வச்சு எடுத்துக்கலாம். இது ஹேங் ஆச்சுன்னா எதை வச்சு எடுக்கறது?"

"இதுல இன்னொண்ணு இருக்கு பாருங்க. தப்பாப் பண்ணிட்டா இந்த அம்பை ஒரு தட்டு. பண்ணது இல்லாமப் போயிரும்."

திரையின் மூலையில் பின்னால் வளைந்த ஒரு சின்ன அம்புக்குறி. முரளிக்கு அந்த அம்பைக் கண்டாலே ஆகாது. அவர் மேசையில் ஒரே ஒரு சட்டம்தான். சொன்னது சொன்னதுதான். "குதிக்கிறேன்" என்று வாய் தவறிச் சொன்னாலும் குதித்தாகிவிட்டது. கெஞ்சினாலும் விடமாட்டார். பகடையை மட்டும் எடுப்பார். எந்த எண் விழுந்தாலும் ஒருநாளும் அதை மாற்றிச் சொன்னது கிடையாது.

அந்தச் சட்டத்தால் மோனிஷா ஒரு பழக்கம் வைத்திருந்தாள். அவள் துறையூர்க்காரி. வீட்டை விட்டுக் கிளம்பும்போது யாரும் "போறேன்" என்று சொல்ல மாட்டார்களே, அதை விளையாட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டாள். எந்தக் குகைக்குள் நுழைந்தாலும் "போய்ட்டு வாரேன்" என்றுதான் சொல்வாள்.

"ராட்சசனுக்கு டாட்டா காட்டிட்டுப் போற ஒரே ஆளு நீதான்," என்று சதீஷ் கேலி செய்வான்.

"நீ மாட்டுக்கு ஊசி போடறப்ப மன்னிப்புக் கேக்கறதில்லையா? அந்த மாதிரிதான்."

முரளி சிரிப்பார். ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். "வாரேன்" என்று சொன்னவர்களுக்குக் கதையில் திரும்பி வர எப்படியாவது ஒரு வழி வைத்துவிடுவார்.

கடைசியாக விளையாடிய சனிக்கிழமை, நாங்கள் மூவரும் அரண்மனையின் கடைசிக் கதவுக்கு முன்னால் நின்றோம். அதற்கு அந்தப் பக்கம் ஒரே ஓர் அறை. முரளி அந்தக் கறுப்புத்தாளின் மூலையை லேசாகத் தூக்கி, என்னைப் பார்த்தார். வழக்கமாக அப்படித் தூக்கிக்கொண்டு "உள்ள போறீங்களா?" என்று கேட்பார். அன்று கேட்கவில்லை. மூலையை விட்டுவிட்டார்.

"அடுத்த வாரம். இந்த ரூம் உனக்குத்தான் கண்ணு. ரொம்ப நாளா யோசிச்சு வச்சிருக்கேன்."

"இப்பவே சொன்னா என்னங்க?"

"சொன்னா என்ன இருக்குது அதுல?"

அந்த அடுத்த வாரம் வரவில்லை.

மனிதர் போன பிறகு அவருடைய சட்டை, செருப்பு, பேங்க் பாஸ்புக், எல்லாம் என் கைக்கு வந்துவிட்டன. வராமல் நின்றுபோனது அந்த ஓர் அறை மட்டும். எனக்காக என்று யோசித்து வைத்தது. அதில் என்ன இருந்தது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. யாரிடம் சொன்னாலும் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். சதீஷுக்கும் மோனிஷாவுக்கும் மட்டும்தான் புரியும். அதனால்தான் அன்று அவர்களையும் வரச் சொல்லியிருந்தேன். சாமான் கட்டுவதற்கு என்பது சாக்கு.

அவர்கள் வந்தார்கள். சதீஷ் டேப்பை மேசைமேல் வைத்தான். ஃபோனைச் சுவரில் சார்ஜுக்குப் போட்டான். மோனிஷா வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மொதல்ல தாளை எடுத்துப் பாருங்கக்கா," என்றாள்.

பத்து மாதம் இதற்காகத்தான் காத்திருந்தேன். கடைசிக் கறுப்புத்தாளை எடுத்தேன்.

வெறும் துணி.

ஒரு கோடு இல்லை, ஒரு புள்ளி இல்லை. மற்ற எல்லா அறைகளையும் நுணுக்கி நுணுக்கி வரைந்த மனிதர் அந்த ஒன்றை வரையவே இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் துணியை இழுத்துக் கிழித்திருப்பேன். தூக்கிப் பார்த்தால் ஒன்றுமில்லாத தாளுக்கு அவ்வளவு பாவனை எதற்கு?

"இருங்கக்கா," என்றான் சதீஷ். "கடைசியில அவரே எங்கிட்ட டேப்பக் கேட்டு வாங்கிட்டுப் போனாரு. ஒரு வாரம் வச்சிருந்தாரு. கடைசி ரூம இதுலதான் பண்ணியிருக்காரு. தோத்துட்டேன்னு ஒத்துக்க வெக்கம், வேற ஒண்ணுமில்ல."

திரையில் அதே அரண்மனை. கதவுக்கு முன்னால் எங்கள் மூன்று பொம்மைகள். கதவுக்கு அந்தப் பக்கம் பனி. எங்களுக்குப் பின்னால், நாங்கள் வந்த வழியிலும் பனியைத் திரும்ப இழுத்து மூடியிருந்தார். பனியைத் துடைக்க நடத்துபவரின் கடவுச்சொல் வேண்டும்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான் வருகிறது. அவர் பிறந்த நாள், என் பிறந்த நாள், கல்யாண நாள், பைக் நம்பர், பள்ளிக்கூடத்தின் பெயர். ஒவ்வொன்றுக்கும் 'தவறு' என்று சிவப்பாக வந்தது. கடவுச்சொல்லை மாற்றலாம் என்றால் அதற்கு நெட் வேண்டும். சதீஷ் டேப்பைத் தூக்கிக்கொண்டு ஜன்னல், மாடிப்படி, குளியலறை என்று வீடு முழுக்க அலைந்தான். ஒரு கோடு வரும், போய்விடும்.

"கிராம்பு போட்டுப் பாரு," என்றாள் மோனிஷா.

"டேப் மேலயா?"

"கடவுச்சொல்லாடா, மாட்டு டாக்டரு."

அதுவும் தவறு. அப்புறம் செயலி எங்களை முழுவதுமாகப் பூட்டிவிட்டது. 'நடத்துபவரை அணுகவும்' என்று ஒரு வரி. நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அவர்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

அப்போதுதான் வெளியே வெளிச்சம் குறைந்ததைப் பார்த்தோம்.

பனி இறங்கியிருந்தது. மலையில் பகலிலேயே இறங்கும், அதில் புதுசு ஒன்றுமில்லை. எதிரே இருந்த மரவள்ளிக் காடு போய்விட்டது. ரோடு போய்விட்டது. படகுத்துறையில் ஒலித்த பாட்டுச் சத்தம்கூட, யாரோ கையை வைத்து வாயைப் பொத்தியதுபோல நின்றுவிட்டது. ஜன்னல் கண்ணாடியில் வெள்ளையைத் தவிர வேறு எதுவும் இல்லை. கூடத்துக்குள் கிராம்பு வாசனை கூடியிருந்தது.

"அக்கா," என்றாள் மோனிஷா, டேப்பைப் பார்த்தபடி.

திரையில் ஒரு கோடு துடைக்கப்பட்டிருந்தது.

எங்களுக்குப் பின்னால், அரண்மனை வாசலில், ஒரு விரல் அகலத்துக்கு. சதீஷின் இரண்டு கைகளும் அவன் மடியில் இருந்தன. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த கோடு. மெதுவாக, வலமிருந்து இடமாக.

முரளி இடது கைக்காரர்.

"லாக் ஆனதுல ஏதோ கொழப்பம் ஆயிருச்சு," என்றான் சதீஷ். "பழசு ஏதாச்சும் சேவ் ஆயிருக்கும்."

கோடுகள் வந்துகொண்டே இருந்தன. வாசல். முதல் மண்டபம். குளம். நாங்கள் கடந்து வந்த ஒவ்வோர் இடமாகத் துடைத்துக்கொண்டு, நாங்கள் நின்ற கதவை நோக்கி.

மோனிஷா என் தோளைத் தொட்டாள். ஜன்னலைக் காட்டினாள்.

வெள்ளையாக இருந்த கண்ணாடியில் ஒரு விரல் அகலத்துக்குத் துடைத்த கோடு. அதன் வழியாக மரவள்ளிச் செடிகளில் ஒரு கீற்று மட்டும் தெரிந்தது.

பக்கத்தில் இன்னொரு கோடு.

கண்ணாடியைத் துடைத்தால் கீச்சென்று சத்தம் வருமே. அந்தச் சத்தம் வெளியிலிருந்து வரவில்லை. கூடத்துக்குள்ளிருந்து வந்தது.

யாரும் அசையவில்லை. எனக்குப் பயத்தைவிட முன்னால் வந்தது வேறொன்று. அவர் வந்துவிட்டார் என்ற நினைப்பு. இத்தனை மாதம் கழித்து, கதையை முடித்துக்கொடுக்க வந்துவிட்டார். அதை எழுதவும் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அந்த நிமிடம் என் உடம்பெல்லாம் சிலிர்த்தது சந்தோஷத்தில்.

கோடு கதவுக்கு முன்னால் வந்து நின்றது. திரைக்குக் கீழே, நடத்துபவர் எழுதும் கட்டத்தில், எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

*உள்ள போறீங்களா?*

அது என்னிடம் கேட்ட கேள்வி. அந்த அறை எனக்கானது. வாயைத் திறந்தேன்.

"பதில் சொல்லாதீங்கக்கா," என்று மோனிஷா கிசுகிசுத்தாள். "சொல்றதா இருந்தா, போய்ட்டு வாரேன்னு சொல்லுங்க."

சதீஷ் நாற்காலியைப் பின்னால் தள்ளினான். மதியம் முழுக்க அந்தத் திரையோடு மல்லுக்கட்டியவன் அவன்தான். சாப்பிடவும் இல்லை. பயத்தை அவனால் கோபமாகத்தான் காட்ட முடியும். கன்று செத்துப் பிறந்தாலும் அவன் அப்படித்தான், மாட்டுக்காரனைத் திட்டுவான்.

"இதென்னமோ சேவ் ஆன மெசேஜு. பதில் கொடுத்தா அடுத்தது தானா வரும். சரி, போறேன். கதவத் தொறந்துட்டு உள்ள போறேன். போதுமா?"

வாயால் சொல்லிவிட்டான். மேசையில் உட்கார்ந்து சொல்லிவிட்டான்.

மறைப்பு அட்டைக்குப் பின்னால் பகடை உருண்டது.

அந்தச் சத்தம் எங்களுக்குத் தெரியாதா? மரத்தில் கடகடவென்று ஓடி, ஒரு முறை தடுக்கி, நிற்கும். நின்றது. அதற்குப் பிறகு ஒரு மௌனம். விழுந்த எண்ணைப் பார்த்துவிட்டு, எப்படிச் சொல்வது என்று முரளி யோசிக்கிற அதே மௌனம்.

சமையலறையின் பின்கதவு திறந்துகொண்டது.

"காத்து," என்றான் சதீஷ். உரக்கச் சொன்னான். "நீங்க ரெண்டு பேரும் இப்படி மூஞ்சிய வச்சுக்காதீங்க. சாத்திட்டு டீ போடறேன்."

தரை ஈரமென்று கழற்றாமல் வைத்திருந்த செருப்போடே எழுந்து நடந்தான். ஆறேழு எட்டுகூட இருக்காது அந்தக் கதவுக்கு. நான் அவன் முதுகைப் பார்த்தேன். மோனிஷா திரையைப் பார்த்தாள்.

"நகருது," என்றாள். "அக்கா, அவன் பொம்மை நகருது."

அவன் ஓர் எட்டு வைத்தால் அது ஒரு கட்டம் நகர்ந்தது.

"சதீஷ், நில்லு," என்றேன்.

கதவு வெளிப்பக்கம் போய்ச் சுவரோடு ஒட்டியிருந்தது. அதை இழுக்க ஒரு காலை வெளிப்படியில் வைக்க வேண்டும். வைத்தான். பனி அவன் முழங்காலில் இருந்தது, பிறகு தோளில் இருந்தது.

"அக்கா, இங்க வந்து பாருங்களேன்," என்றான். குரலில் பயம் இல்லை. ஆச்சரியம்தான் இருந்தது. "இங்க ஒரு ரூம்..."

அவ்வளவுதான்.

திரையில் வில்லாளி இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் பனி முழுதாக மூடியிருந்தது.

நாங்கள் கத்தினோம். பின்கதவில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டோம். அங்கே இருப்பது அப்பாசாமியின் மிளகுத் தோட்டம், வரிசையாகச் சில்வர் ஓக் மரங்கள், அதைத் தாண்டினால் ரோடு. பள்ளம் கிடையாது, கிணறு கிடையாது. நான் படியில் இறங்கப்போனேன். மோனிஷா என் சேலையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"அம்பு," என்றாள். "பண்ணத இல்லாமப் பண்ணலாம்னு சொன்னானே."

டேப்பை எடுத்து அந்தச் சின்ன அம்பை ஒரு தட்டுத் தட்டினாள்.

வில்லாளி கதவுக்கு முன்னால் வந்து நின்றான்.

வெளியே, ஈரச் சருகின் மேல், யாரோ நடந்து வரும் சத்தம். தோட்டத்திலிருந்து வீட்டை நோக்கி. சதீஷின் நடைதான். ஒரு செருப்பை இழுத்து இழுத்து நடப்பான். சத்தம் படிக்குக் கீழே வந்து நின்றது.

படிக்குக் கீழே யாரும் இல்லை. கல்லில் ஈரம் மட்டும் இருந்தது.

"உள்ள வாடா," என்று மோனிஷா அழுதாள்.

திரையில் வில்லாளி தானாகவே கதவுக்குள் போனான். சருகுச் சத்தமும் திரும்பிப் போனது.

அவள் மறுபடி தட்டினாள். மறுபடி வந்தான், படிவரை. மறுபடி போனான். மறுபடி தட்டினாள். எத்தனை தடவை என்று தெரியாது. ஒவ்வொரு முறையும் அதே நடை, அதே இடத்தில் நின்றது. ஒரு கை நீட்டினால் தொடும் தூரம். ஒரு முறை மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. அதற்கு மேல் ஓர் எட்டு அவனால் வைக்க முடியவில்லை.

பிறகு டேப் அணைந்தது.

சார்ஜ் இல்லை. கரண்ட்டும் இல்லை. அவ்வளவு பிரமாதமான பொருள், கையில் கறுப்புப் பலகையாகக் கிடந்தது. சருகுச் சத்தம் தோட்டத்துக்குள் போய்க்கொண்டே இருந்தது. போய்க்கொண்டே இருந்து, கேட்காமல் ஆனது.

நான் மேசைக்குப் போய், ஒருநாளும் செய்யாததைச் செய்தேன். மறைப்பு அட்டையைத் தூக்கிப் பார்த்தேன்.

பகடை ஒன்றில் நின்றிருந்தது.

பனி விலகியதும் அப்பாசாமி ஆட்களைக் கூட்டிவந்து தோட்டத்தை அலசினார். மரத்துக்கு மரம் தட்டிப் பார்த்தார்கள். "எங்கீங்க அம்மணி போயிருப்பாரு, முயல் போனாக்கூட இதுல தெரியும்," என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். படிக்குக் கீழே ஒரு செருப்பை இழுத்து நடந்த தடங்கள் வீட்டை நோக்கி வந்திருந்தன, ஒன்றன்மேல் ஒன்றாக. திரும்பிப் போன தடம் ஒன்றுகூட இல்லை.

காவல் நிலையத்தில் நடந்ததை நடந்தபடி சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தினார்.

"பொம்மைய வச்சு வெளையாண்டீங்க."

"ஆமாங்க."

"வயசென்னங்க உங்களுக்கு?"

டேப்பை வாங்கிக்கொண்டார்கள். அதற்குள் ஒன்றுமே இல்லை, அந்தச் செயலியே இல்லை என்று பின்னால் சொன்னார்கள். சதீஷின் ஃபோன் சுவரில் சார்ஜுக்குப் போட்டபடியே இருந்தது. அவன் அம்மா சேந்தமங்கலத்திலிருந்து இன்னும் எனக்குப் போன் செய்கிறார். "எங்கியோ இருப்பான் இல்லீங்களா?" என்பார். என்ன பதில் சொல்வது? இருப்பான் என்று சொல்வேன். அது பொய்யில்லை என்பதுதான் கொடுமை.

மோனிஷா மாற்றல் வாங்கிக்கொண்டு துறையூருக்கே போய்விட்டாள். அவளிடம் ஒரே ஒரு முறை கேட்டேன், அது முரளிதானா என்று. "முரளி சார் அப்படிப் பண்ண மாட்டாருக்கா," என்றாள். நானும் அப்படித்தான் நம்பப் பார்க்கிறேன். மலையில் பனியோடு பனியாக இருக்கிற வேறு எதுவோ எங்கள் விளையாட்டைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது என்று சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் பகடை நியாயமாக உருண்டது. ஒன்று விழுந்தது, ஒன்றுக்கான தண்டனை நடந்தது. வேறு எதுவாகவாவது இருந்திருந்தால் உருட்டியிருக்கவே வேண்டாமே. அந்த நியாயம்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. உயிரோடு இருந்தபோதும் இப்படித்தான். கெஞ்சினால் இளகமாட்டார்.

காடாத்துணியும் கறுப்புத்தாள்களும் பொம்மைகளும் பகடையும் ராசிபுரத்தில், என் அறையில், ஒரு தகரப் பெட்டிக்குள் இருக்கின்றன. எரித்துவிடு என்று அம்மா சொன்னாள். சதீஷின் பொம்மை அதில் இருக்கும்போது எப்படி எரிப்பது? பெட்டியில் வைக்கும்போது அதைக் கதவுக்கு அந்தப் பக்கம், வெறும் துணியின்மேல் வைத்தேன். மேலே கறுப்புத்தாளைப் போட்டேன். அவன் இருக்கும் இடம் அதுதானே.

சித்திரை வெயிலில் ஒரு மதியம் பெட்டியைத் திறந்து பார்த்தேன். தகரம் கையைச் சுட்டது. உள்ளே குளிர்ந்திருந்தது. வில்லாளி கதவுக்கு இந்தப் பக்கம், ஓடக்காரியின் காலடியில் நின்றான். அவன் களிமண் ஈரமாக இருந்தது. கடைசி அறையை மூடிய கறுப்புத்தாளின் ஒரு மூலை, யாரோ விரலால் பிடித்துத் தூக்கியதுபோல, மேலே எழும்பி நின்றது.

நான் குனிந்து பார்க்கவில்லை. இத்தனை காலம் எதற்காகச் செத்தேனோ, அது ஒரு விரல் உயரத்தில் திறந்திருந்தது. பார்க்கவில்லை. மூடிவிட்டேன்.

இப்போது வீட்டில் நான் அதிகம் பேசுவதில்லை. கடைக்குக் கிளம்பினால் தலையை மட்டும் ஆட்டுகிறேன். அம்மா திட்டுகிறாள். எந்தச் சொல் பதிலாகிவிடும் என்று எனக்குத் தெரியவில்லை. மோனிஷா சொன்னதுபோல "போய்ட்டு வாரேன்" என்றால் திரும்பி வர ஒரு வழி கிடைக்கலாம். என்னோடு சேர்த்து அவனுக்கும் கிடைக்கலாம். அதையும் பகடை ஒத்துக்கொள்ள வேண்டும்.

இன்று சனிக்கிழமை. அம்மா பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறாள். வெளியே கொளுத்துகிற வெயில். எங்கள் வீட்டுக் கொல்லையில் சிமெண்ட் போட்டிருக்கிறது, ஒரு மரம் கிடையாது. ஆனாலும் கொஞ்ச நேரமாக ஈரச் சருகின் மேல் ஒற்றைச் செருப்பை இழுத்துக்கொண்டு யாரோ வருகிற சத்தம். பின்கதவுக்கு வெளியே வந்து, நிற்கிறது.

நான் எதுவும் சொல்லும் முன்பே, பெட்டிக்குள் பகடை உருண்டு ஓய்கிறது.

அதற்குப் பிறகு, அவர் என் பதிலுக்காகக் காத்திருக்கும் அந்த மௌனம்.